கச்சேரியும் மெட்டலும் ஒரே பெட்டியில்: நல்ல சிடி பிளேயர் தேடுகிறேன்

சுருதிப்பெட்டி:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் சிடிகள் 900 சொச்சம் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் கர்நாடக சங்கீதம், அதிலும் வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் அதிகம். மீதியில் ஜாஸ் பியானோ, மேற்கத்திய வயலின், கொஞ்சம் எலக்ட்ரானிக். அப்புறம் என் மகன் வாங்கிக் குவித்துவிட்டுப் போன மெட்டல் தட்டுகள் ஓர் அலமாரி நிறைய (முதலில் திட்டினேன், இப்போது நானே போட்டுக் கேட்கிறேன், அவனுக்குத் தெரியாது). என் பழைய பிளேயரின் டிரே நாக்கைத் துருத்துகிற மாதிரி பாதியில் நின்றுவிடுகிறது, விரலால் தள்ளினால்தான் உள்ளே போகிறது. அதனால் ஒரே தடவை நன்றாகச் செலவழித்து, இனி இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்கிற மாதிரி ஒன்றை வாங்கிவிட நினைக்கிறேன்.

போன வாரம் மூன்றைக் கேட்டேன். மாடல் பெயர்களை வேண்டுமென்றே சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அதிலேயே மாட்டிக்கொள்ளும். 'அ' என்று வைத்துக்கொள்வோம், மெட்டலும் மிருதங்கமும் அதில் எழுந்து நின்றன, என்ன உயிர்! 'ஆ' எல்லாவற்றையும் கொஞ்சம் தூங்க வைத்த மாதிரி, ஆனால் என் பழைய வயலின் சிடி ஒன்று அதில் தேனாக இருந்தது. 'இ' என்பது தட்டை மட்டும் படிக்கும் டிரான்ஸ்போர்ட்டும் தனி டாக்கும் (தட்டின் எண்களை ஒலி அலையாக மாற்றும் பெட்டி) சேர்ந்த ஜோடி. ஜாஸுக்கு அருமை, அதே வயலின் சிடியைப் போட்டதும் காதில் பிளேடு. எல்லா இசைக்கும் பொருந்துகிற ஒரே பிளேயர் என்று ஒன்று உண்டா, இல்லை இரண்டு வாங்க வேண்டுமா?

சிடியை விட்டுவிட்டு ஸ்ட்ரீமிங்குக்கு வா என்று சொல்ல வருபவர்கள் வேறு இழைக்குப் போகலாம்.

ஊசிமுனை:

ஸ்ட்ரீமிங் வேண்டாம் சார், எல்பி இசைத்தட்டுக்கு வாருங்கள். டிரே பிரச்சினையே கிடையாது, மூடியைத் திறந்தால் போதும்.

விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனால் ஒன்று. சோனியின் முதல் பிளேஸ்டேஷனில் பின்பக்கம் ஆர்சிஏ சாக்கெட்டுகளோடு (சிவப்பு வெள்ளை ஆடியோ கேபிள் செருகுபவை) வந்த ஆரம்பகால மாடல் உண்டு, அதை உயர்தர சிடி பிளேயர் என்று கொண்டாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தத் தேடல் போனால் எங்கெல்லாம் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரட்டைபாஸ்:

மெட்டல் கேட்கும் அப்பா! மகன் கொடுத்து வைத்தவன். மெட்டலுக்கென்று தனி பிளேயர் தேட வேண்டாம் சார், நான் அந்த வழியில் போய் வந்தவன். 90களின் பிற்பகுதிக்கு மேல் வந்த மெட்டல் சிடிகளில் பெரும்பாலானவற்றை மாஸ்டரிங்கிலேயே (தட்டுக்குப் போகும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை) நசுக்கிவிட்டார்கள், சத்தம் முழுக்க உச்சவரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும், எந்த பிளேயராலும் அதை நிமிர்த்த முடியாது. அதே ஆல்பத்தின் 80கள் பதிப்பையும் புதிய 'ரீமாஸ்டர்' பதிப்பையும் ஒரே பெட்டியில் போட்டுப் பாருங்கள். இரண்டு பிளேயர்களுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசத்தைவிட இது பல மடங்கு. நான் பிளேயர் மாற்றுவதை நிறுத்திவிட்டுப் பழைய பதிப்புகளைத் தேடி வாங்க ஆரம்பித்ததும்தான் நிம்மதி வந்தது.

அளவுகோல்:

பிளேயருக்கு உள்ளே போவது தோடியா டிரம்ஸா என்று தெரியாது. அதற்கு வருவது நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு சானல். ஒழுங்காக வடிவமைத்த எந்த பிளேயரும் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கிட்டத்தட்ட நேர்கோடாகத்தான் கொடுக்கும். 'இது மிருதங்கத்துக்கு, அது வயலினுக்கு' என்று பிரிந்து கேட்டால், ஒன்று ஏதோ ஒரு பெட்டி வேண்டுமென்றே நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது, அல்லது கேட்ட விதத்தில் ஏதோ இருக்கிறது. முதலில் இரண்டாவதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சுருதிப்பெட்டி சார், ஒரு கேள்வி. 'அ' எந்தக் கேபிளில் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) சேர்ந்திருந்தது? மூன்று முனை எக்ஸ்எல்ஆரா?

சுருதிப்பெட்டி:

ஆமாம், எக்ஸ்எல்ஆர்தான். மற்ற இரண்டும் ஆர்சிஏ. அதனால் என்ன?

அளவுகோல்:

அதுதான் உயிர். ஆர்சிஏவில் சிடி பிளேயரின் முழு வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். எக்ஸ்எல்ஆரில் பெரும்பாலும் 4. இரட்டிப்பு வோல்ட் என்றால் 6 டெசிபல் கூடுதல். வால்யூம் குமிழைத் தொடாமல் உள்ளீட்டை மட்டும் மாற்றியிருந்தால், 'அ'வை மற்ற இரண்டையும்விட 6 டெசிபல் சத்தமாகக் கேட்டிருக்கிறீர்கள். சத்தம் கூடினால் காதுக்குத் தாழ்சுருதி இன்னும் கூடினதாகப் படும், அது காதின் இயல்பு. 6 டெசிபல் எல்லாம் பட்டவர்த்தனம், அரை டெசிபல் போதும். அதைச் 'சத்தம் அதிகம்' என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், 'தெளிவு அதிகம்' என்றுதான் சொல்வார்கள்.

ஒப்பிட வேண்டுமானால் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஒரே அளவில் ஒலிக்கும் டோன் உள்ள சோதனைச் சிடி ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து வோல்ட்டைப் பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டலாம், 100 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள டோன் நல்லது. இரண்டு பிளேயரும் ஒரு சதவீதத்துக்குள் வர வேண்டும், அதாவது 0.1 டெசிபலுக்குள். அதற்குப் பிறகும் வித்தியாசம் கேட்டால் பேசுவோம்.

மூன்றாம்வரிசை:

அளவுகோல் எப்போதும் இப்படித்தான், கச்சேரிக்கு மல்டிமீட்டரோடு வருவார். அவர் சொன்ன சத்த விஷயம் சரி, அதில் சண்டை இல்லை. ஆனால் சத்தத்தைச் சமப்படுத்திய பிறகும் எனக்கு வித்தியாசங்கள் கேட்டிருக்கின்றன. சிறியவைதான், ஆனாலும் இருந்தன.

நான் பெரும்பாலும் சிம்ஃபனி கேட்பவன். ஒரு சிம்ஃபனியின் மெல்லிய இடத்தில், முழு ஆர்கெஸ்ட்ராவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கிளாரினெட் மட்டும் வரும்போது, பிளேயரின் டிரேக்குள் தட்டு சுழலும் 'ஸ்ஸ்' அறையில் கேட்டால் எல்லாம் போச்சு. இதை எந்த விமர்சனத்திலும் பெரிதாக எழுத மாட்டார்கள். டியாக் நிறுவனத்தின் விஆர்டிஎஸ் என்ற தட்டைச் சுற்றும் பொறியில் தட்டின் அகலத்துக்கே ஒரு சுழல்தட்டு வைத்து, சிடியை முழுப் பரப்பிலும் அழுத்திப் பிடித்துச் சுற்றுகிறார்கள். ஒலியில் அது என்ன செய்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அந்த வகைப் பொறி இருக்கும் எசோட்டரிக் பிளேயர் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது பெட்டி ஓடுகிறதா என்றே தெரியவில்லை. வாய்ப்பாட்டில் இரண்டு சங்கதிகளுக்கு நடுவில் தம்புரா மட்டும் நிற்கும் இடத்தில் உங்களுக்கும் இது புரியும்.

இன்னொன்று, எஸ்ஏசிடி. 1999இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த, சிடியைவிட உயர்தரமான தட்டு வடிவம். மேற்கத்திய செவ்வியல் தட்டுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அதையும் படிக்கும் பெட்டியாகப் பாருங்கள், உதாரணத்துக்கு மராண்ட்ஸ் எஸ்ஏ-10. அதில் வழக்கமான டாக் சிப்பே இல்லை, வருவதை எல்லாம் ஒரு பிட் ஓடையாக மாற்றிவிடுகிறார்கள்.

அளவுகோல்:

2007இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் மேயரும் மோரனும் எழுதிய கட்டுரை நினைவிருக்கிறதா? எஸ்ஏசிடியின் வெளியீட்டை நேரடியாகவும், அதையே 16 பிட் 44.1 வழியாகக் கடத்தியும், எது எது என்று சொல்லாமல் கேட்கவிட்டார்கள். வழக்கமான சத்த அளவில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எஸ்ஏசிடி தட்டுகள் பல நன்றாக ஒலிப்பது உண்மை, காரணம் அவற்றை மாஸ்டர் செய்தவர்கள் அக்கறையோடு செய்ததுதான்.

மூன்றாம்வரிசை:

நினைவிருக்கிறது, நீங்கள் மாதம் ஒருமுறை நினைவூட்டுகிறீர்கள். காரணம் மாஸ்டரிங்காகவே இருக்கட்டும், அந்த மாஸ்டரிங் அந்தத் தட்டில்தானே இருக்கிறது, அதைக் கேட்க எனக்கு அந்தப் பெட்டி வேண்டும்தானே?

சால்டர்புகை:

எல்லாரும் ஒலியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் திறந்து பார்ப்பவன், என் கவலை வேறு.

சிடி பிளேயர் என்பது பாதி எலக்ட்ரானிக்ஸ், பாதி இயந்திரம். முதலில் சாவது இயந்திரப் பாதி. லேசர் மங்கும், டிரேயின் பெல்ட் தளரும் (சுருதிப்பெட்டி சார், உங்கள் பழையதுக்கு அதுதான் நோய், பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையம்தான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்), லேசரைச் சுமந்து நகரும் ஸ்லெட் ஓடும் பல்சக்கரத்தில் கிரீஸ் காய்ந்து இறுகும். டாக் சிப் எது, அதன் பெயர் என்ன என்று பத்துப் பக்கம் விவாதிப்பார்கள், லேசர் ஹெட் எது, பத்து வருடம் கழித்து அது கிடைக்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. என் சொந்தக் கதை: விலை அதிகமான ஒரு பெட்டி வைத்திருந்தேன், கம்பெனி பெயர் வேண்டாம், அலுமினியத்தைக் குடைந்து செய்த உடம்பு, தூக்கவே இரண்டு பேர் வேண்டும். ஒன்பதாவது வருடம் தட்டைப் படிப்பதை நிறுத்தியது. லேசர் ஹெட் ஸ்டாக் இல்லை, இனி வராது என்று ஒரு வரியில் பதில். உள்ளே மற்ற எல்லாம் புத்தம் புதிது போல இருந்தது. அந்த அலுமினியத்தை இப்போது பூந்தொட்டிக்கு மேடையாக வைத்திருக்கிறேன்.

காலம் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. லின் நிறுவனம் 2009 இறுதியோடு சிடி பிளேயர் செய்வதையே விட்டது. ஒப்போ 2018இல் புதிய பிளேயர்களை நிறுத்துவதாக அறிவித்தது. பிலிப்ஸின் சிடி-ப்ரோ 2 என்ற பொறியை உயர்தர பிளேயர்கள் பலவற்றில் போட்டார்கள், அதன் தயாரிப்பும் நின்றுபோனது. சிப்புகளுக்கும் இதே கதைதான். 2020 அக்டோபரில் ஜப்பானில் டாக் சிப் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் ஆலை எரிந்தபோது, அந்தச் சிப்பை நம்பி டிசைன் செய்திருந்த பலர் வேறு சிப்புக்கு மாற வேண்டியிருந்தது.

அதனால் வாங்கும் முன் இதைக் கேளுங்கள்: பொறி யாருடையது? சொந்தமாகச் செய்ததா, டியாக் மாதிரி? வெளியில் வாங்கியதா? எஸ்ஏசிடியும் படிப்பதென்றால் இரண்டு அலைநீள லேசர் வேண்டும், சிடிக்கு 780 நானோமீட்டர், எஸ்ஏசிடிக்கு 650. ஹெட் சிக்கலானது, மாற்று கிடைப்பதும் சிரமம். எஸ்ஏசிடி தட்டு உங்களிடம் ஒன்றுகூட இல்லையென்றால் அந்தத் தலைவலி எதற்கு? ஹெகல் மொஹிகன் மாதிரி சிடியைத் தவிர வேறு எதையும் படிக்க மாட்டேன் என்று செய்தவையும் இருக்கின்றன.

கேட்டுப் பார்க்கப் போகும்போது பளபளப்பான தட்டைக் கொண்டு போகாதீர்கள். சிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும், தொடக்கத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று, முடிவில் 200 பக்கம். 74 நிமிடத்துக்கு மேல் ஓடும் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அதன் கடைசிப் பாட்டைப் போடுங்கள். அங்கே தடங்கள் நெருக்கம், தட்டின் வளைவும் விளிம்பில்தான் அதிகம். அப்புறம் கீறல் விழுந்த தட்டு ஒன்று. பிழைதிருத்தம் தடத்தின் நீளத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை தொலைந்ததைக்கூட முழுசாக மீட்டுவிடும், அதற்கு மேல் போனால் பக்கத்து மாதிரிகளைப் பார்த்து இட்டு நிரப்பும், அதற்கும் மேல் போனால் மௌனம் அல்லது தாவல். எல்லாப் பெட்டியிலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். ஆனால் கீறலைக் கடக்கும்போது லேசரைத் தடத்தில் பிடித்து வைக்கிற சர்வோ ஒன்றுக்கொன்று நிறையவே வேறுபடும். 900 தட்டில் குறைந்தது நூறு கீறல் வாங்கியிருக்கும். அங்கே தெரியும் எது நல்ல பெட்டி என்று.

நள்ளிரவு ஹெட்போன்:

சால்டர் அண்ணா சொன்னதற்குத்தான் நான் பிரித்து வாங்கினேன். தட்டைப் படிக்க ஒரு பெட்டி, டாக் தனி. டிரான்ஸ்போர்ட் செத்தால் அதை மட்டும் மாற்றலாம். கேம்பிரிட்ஜ் சிஎக்ஸ்சி, ஆடியோலேப் 6000சிடிடி மாதிரி தட்டைப் படிக்க மட்டுமே செய்தவை இருக்கின்றன. டிவி, மகனின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அதே டாக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே குறை, எஸ்ஏசிடியின் உயர்தர அடுக்கைச் சாதாரண டிஜிட்டல் கேபிளில் வெளியே விட மாட்டார்கள், இரட்டை அடுக்குத் தட்டென்றால் அதன் சிடி அடுக்கு மட்டும் வரும்.

சுருதிப்பெட்டி அண்ணா, ஜாஸுக்கு 'இ' அருமை என்றீர்களே, பிறகு ஏன் யோசிக்கிறீர்கள்?

சுருதிப்பெட்டி:

தம்பி, அந்த வயலின்தான். சொன்னேனே, பிளேடு. என்னிடம் இருக்கும் சிடிகளிலேயே மூத்தது அது, 80களின் தொடக்கத்தில் ஜப்பானில் அச்சானது. பழைய பிளேயரில் எத்தனையோ வருடம் கேட்ட தட்டு, அதன் குரல் எனக்கு மனப்பாடம். 'இ'யில் அது வேறு யாரோ வாசித்த மாதிரி இருந்தது.

காதுமடல்:

நடுவில் நுழைகிறேன். பிளேடு என்றால் அது டிஜிட்டல் ஃபில்டர் வேலை. ஓவர்சாம்ப்ளிங்கே (மாதிரிகளுக்கு நடுவில் கணக்கிட்டுக் கூடுதல் மாதிரிகளை இடுவது) செய்யாத பழைய பாணி டாக் ஒன்றைக் கேளுங்கள், குழைவு என்றால் என்ன என்று தெரியும். பிலிப்ஸின் டிடிஏ 1541 சிப்பை வைத்து ஃபில்டரைக் கழற்றிவிட்டு கேட்பவர்கள் திரும்பி வருவதில்லை. வயலினும் நாதஸ்வரமும் நாள் முழுக்கக் கேட்கலாம்.

அளவுகோல்:

அந்தக் குழைவு எங்கிருந்து வருகிறது என்று கணக்கே போடலாம். ஓவர்சாம்ப்ளிங்கும் இல்லை, அதை ஈடுகட்டும் திருத்தமும் இல்லையென்றால், மாதிரிகளைப் படிக்கட்டாக வைத்திருப்பதாலேயே 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 3.2 டெசிபல் இறங்கிவிடும், 10,000இல் முக்கால் டெசிபல் பக்கம். அதாவது மேல்சுருதியை லேசாகக் குறைத்து வைத்திருக்கிறீர்கள். பிடித்திருந்தால் தப்பில்லை. ஆனால் கஞ்சிராவின் ஜால்ராவும் டிரம்ஸின் சிம்பலும் அதே குழைவில்தான் வரும், பலவகை இசை கேட்பவருக்கு ஒரே கண்ணாடி வழியாக எல்லாம் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

காதுமடல்:

எல்லாவற்றிலும் அழகாக வந்தால் என்ன கெட்டுப்போச்சு?

அளவுகோல்:

ஒன்றும் கெடவில்லை. ஆம்பில் டிரெபிள் குமிழ் இருந்தால் செலவில்லாமல் அதே அழகு கிடைக்கும் என்கிறேன்.

நள்ளிரவு ஹெட்போன்:

ஒரு நிமிடம். 80களின் தொடக்கம், ஜப்பான் அச்சு. அண்ணா, அந்தத் தட்டில் ப்ரீ-எம்ஃபசிஸ் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

சுருதிப்பெட்டி:

அப்படி என்றால்?

நள்ளிரவு ஹெட்போன்:

ஆரம்பகாலச் சிடிகள் சிலவற்றில் பதிவு செய்யும்போதே மேல்சுருதியைத் தூக்கி வைத்திருப்பார்கள். பிளேயர் அதைக் கண்டுபிடித்து அதே அளவு இறக்க வேண்டும். எஃப்எம் ரேடியோவில் செய்வது போல, இரைச்சலைக் குறைக்க அந்தக் காலத்து உத்தி. 'இந்தப் பாட்டில் தூக்கியிருக்கிறது' என்று ஒரு கொடி தட்டிலேயே இருக்கும், சில தட்டுகளில் அது பொருளடக்கப் பகுதியில் இருக்காது, பாட்டோடு ஓடும் துணைத்தகவலில் மட்டும் இருக்கும். ஒரே பெட்டியாக உள்ள சிடி பிளேயர்கள் இதைப் பார்த்துச் சரியாக இறக்கும். தனி டாக் என்றால் டிஜிட்டல் கேபிளில் அந்தக் கொடி போய்ச் சேர வேண்டும், டாக்கும் அதை மதிக்க வேண்டும். மதிக்காத டாக்குகள் நிறைய. அப்போது தூக்கினது தூக்கினபடியே வரும். எனக்கு இது தெரிந்ததே பழைய சிடி ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏன் இப்படிக் கீச்சிடுகிறது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான்.

அளவுகோல்:

அருமை தம்பி, எனக்குத் தோன்றவே இல்லை. 50க்கு 15 மைக்ரோவினாடி என்று அந்த வளைவுக்குப் பெயர். 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது ஒன்பது டெசிபலுக்கு மேல் தூக்கல். வயலினுக்கு இது பிளேடு இல்லை, வாள்.

சால்டர்புகை:

பழைய பிளேயர்கள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு ரிலே (தானாக மாறும் சுவிட்ச்) உண்டு, அந்த மாதிரித் தட்டைப் போட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். என்ன பழுது என்று கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு.

சுருதிப்பெட்டி:

இத்தனை வருடம் அந்த 'டிக்'கை என் பிளேயரின் வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! வயலின் தட்டைப் போட்டால் மட்டும் வரும். சத்தியமாக.

இரட்டைபாஸ்:

இந்த இழையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேலே குத்தி வைக்க வேண்டும்.

மெட்டல் பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, அளவுகோல் விளக்குவார் என்று நினைத்தேன். நசுக்கப்பட்ட தட்டுகளில் சில பிளேயர்கள் கூடுதலாகக் கரகரப்பது ஏன்?

அளவுகோல்:

மாதிரிகளுக்கு நடுவில் உண்டாகும் உச்சம். தட்டில் உள்ள எண்கள் எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கும், ஆனால் இரண்டு எண்களுக்கு நடுவில் மீண்டும் வரையப்படும் அலை வரம்பைத் தாண்டிப் போகும், சில தட்டுகளில் 3 டெசிபல்கூட. ஓவர்சாம்ப்ளிங் ஃபில்டரில் அதற்கு இடம் வைக்கவில்லையென்றால் அங்கே வெட்டுப்படும். பெஞ்ச்மார்க் நிறுவனம் தன் டாக்2, டாக்3 இரண்டிலும் இதற்காகவே 3.5 டெசிபல் இடம் விட்டது. மற்றவர்கள் பெரும்பாலும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கச்சேரிப் பதிவுகளில் இது அநேகமாக வராது, மெட்டலில் பாட்டுக்கு நூறு தடவை வரும். ஆக, பலவகை இசை கேட்பவர் ஒரு பிளேயரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்மையிலேயே உண்டு, அவை 'சூடான ஒலியா குளிர்ந்த ஒலியா' என்பது மட்டும் இல்லை.

மூன்றாம்வரிசை:

கடைசியில் பிளேயர்களுக்கு நடுவில் கேட்கக்கூடிய வித்தியாசம் உண்டு என்று ஒத்துக்கொண்டீர்கள். தேதியைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

சுருதிப்பெட்டி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

'அ'வையும் 'ஆ'வையும் வீட்டுக்கே வாங்கி வந்து ஒரு வாரம் வைத்துக்கொண்டேன். இரண்டையும் ஆர்சிஏவில் சேர்த்து, மல்டிமீட்டரால் சத்தத்தைச் சமப்படுத்தி (முதல் நாள் ஒரு மணி நேரம் மீட்டரை டிசியில் வைத்துக்கொண்டு பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள்), என் மனைவியை உள்ளீட்டை மாற்றச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மிருதங்கம், நாதஸ்வரம், பியானோ, மெட்டல் என்று எல்லாம் போட்டோம். இருபது தடவையில் பதினொன்று சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். 'அ'வின் அந்த உயிர் எங்கே போனது என்று தெரியவில்லை. வயலின் தட்டு இரண்டிலும் தேன்.

ஆனால் கீறல் சோதனையில் 'அ' தோற்றது. நாதஸ்வரத் தட்டு ஒன்றில் ஏழாவது பாட்டில் மூன்று இடத்தில் தாவியது, 'ஆ' எதுவுமே நடக்காத மாதிரி ஓடிவிட்டது. ராத்திரி சத்தத்தைக் குறைத்துத் தம்புராவை மட்டும் கேட்டபோது 'அ'வின் டிரேக்குள்ளிருந்து அந்த 'ஸ்ஸ்' வந்தது, மூன்றாம்வரிசை சார் சொன்னது இதுதான் என்று அப்போது புரிந்தது. 'ஆ'வில் காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும். லேசர் ஹெட்டைப் பற்றிக் கேட்டேன். பொறி ஆஸ்திரியாவின் ஸ்ட்ரீம் அன்லிமிடெட் செய்தது, மாற்று கிடைக்கும் என்று எழுத்தில் கொடுத்தார்கள்.

'ஆ'வை வைத்துக்கொண்டேன். மூன்றிலும் விலை குறைந்தது அதுதான். மிச்சத்துக்கு அறையில் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிறேன், அங்கே மிருதங்கத்தின் இடந்தலை ஒரு சுருதியில் மட்டும் பொங்குகிறது.

காதுமடல்:

இருபதுக்குப் பதினொன்று என்பது களைத்த காது. ஒரு மாதம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அளவுகோல்:

அந்தப் பொங்கல் அறையின் வேலை, அங்கே பத்து டெசிபல்கூட இருக்கலாம். புது இழை தொடங்குங்கள், வருகிறேன். மல்டிமீட்டர் வேண்டாம், மைக் வேண்டும்.

சால்டர்புகை:

பழைய பிளேயரை என்ன செய்தீர்கள் சார்?

சுருதிப்பெட்டி:

பெல்ட் மாற்றினேன். நீங்கள் சொன்னபடி ரப்பர் வளையம்தான், பத்து நிமிட வேலை. இப்போது டிரே சமர்த்தாகப் போய்வருகிறது. மகன் வந்தபோது அவன் அறையில் வைத்துக்கொடுத்தேன். அவன் முதலில் போட்டது என் வயலின் தட்டை. 'டிக்' கேட்டதும் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டான்.